‘தண்ணீரை நீக்கு’ என்கிறது மென்பொருள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாளையங்கோட்டையில் காய்ச்சல் பேச்சும் கூடவே வந்துவிடும். போன வருடம் அப்படி ஒரு மழை ராத்திரியில்தான் அக்கா மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எம்.எஸ்சி. கடைசி வருடம், புராஜெக்ட் நேரம். திரையில் கசக்கிப் போட்ட ரிப்பன் மாதிரி ஒரு புரதம். அதன் இடுக்கில் பச்சைக் குச்சிகளாக ஒரு சின்ன மூலக்கூறு.

“மாமா, இங்க பாருங்களேன். நிலவேம்பு டெங்கு புரதத்துல எப்படிப் போயி உக்காந்திருக்குன்னு.”

பக்கத்தில் ஒரு எண், மைனஸ் எட்டை ஒட்டி. மைனஸ் எவ்வளவு கூடுதலோ பிடிப்பும் அவ்வளவு கூடுதல் என்று கணக்கு. அவள் முகத்தைப் பார்த்தால் நாளைக் காலையில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கிடைத்துவிடும் போலிருந்தது. நான் வேதியியல் படித்து, சில வருடம் மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் மூலக்கூறு சமைத்துப் பிழைத்தவன். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“தண்ணிய என்னட்டி பண்ணுன?”

“அத முதல்லயே எடுத்தாச்சு. வீடியோவுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. ரிமூவ் வாட்டர்.”

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை சொல்கிற பதிலா இது? அல்வா ருசிக்கு என்ன காரணம் என்று கேட்டால் கோதுமையையும் நெய்யையும் விட்டுவிட்டு ஆற்றைக் கை காட்டுகிற ஊர் நம்முடையது. அல்வா விஷயத்தில் அது எவ்வளவு உண்மையோ தெரியாது. மருந்து விஷயத்தில் தண்ணீர் பெரிய ஆள். கணினியில் மருந்து வடிவமைக்கும் கலை எங்கே ஜெயிக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் புரதம். இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சரம் அது. பெரும்பாலான புரதங்கள் சரமாகக் கிடந்தால் எதற்கும் ஆகாது. தனக்கென்று உள்ள ஒரு விதமாக மடங்கிச் சுருண்டால்தான் வேலை செய்யும். சுருண்டபின் அதில் ஒரு குழி விழுகிறது. நொதியாக இருந்தால் வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அந்தக் குழியில்தான் நடக்கும். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றின் வேலை இவ்வளவுதான்: ஏதோ ஒரு புரதத்தின் குழியில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கே வரவேண்டிய ஆளை வரவிடாமல் செய்வது.

சரம் இஷ்டத்துக்கு மடங்கிவிடவும் முடியாது, அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும். எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்ப முடியாது என்று ஜி.என். ராமச்சந்திரன் தம் சகாக்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் போட்டு 1963-ல் வெளியிட்டார். புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தை எந்த நாட்டு ஆய்வகம் கண்டுபிடித்தாலும் இன்றைக்கும் ராமச்சந்திரன் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். அக்கா மகளின் மென்பொருளிலும் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் சென்னையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்று நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

இப்படிக் கண்டுபிடித்த வடிவங்களைச் சேர்த்துவைக்கும் பொதுக் களஞ்சியம் புரோட்டீன் டேட்டா பேங்க். 1971-ல் தொடங்கும்போது அதில் ஏழே ஏழு புரதங்கள். 2023-ல் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. காசு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. பாளையங்கோட்டையிலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம், பாஸ்டனிலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம். எக்ஸ்ரே எடுத்து வடிவம் பார்க்க வருடக்கணக்கில் ஆகும் வேலையை, அமினோ அமில வரிசையை மட்டும் வைத்து ஊகித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருள் வந்தபின் கதை இன்னும் மாறியது. 2022-ல் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் ஊக வடிவங்களை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்ப்பர் இருவருக்கும், புதுப் புரதங்களையே வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் 2024-ல் வேதியியல் நோபல். பத்திரிகைகள் ‘இனி மருந்து கண்டுபிடிப்பது சுலபம்’ என்று எழுதின. குழியின் வடிவம் தெரிவதற்கும் மருந்து கிடைப்பதற்கும் நடுவே கிடக்கிற தூரம் அந்தத் தலைப்புகளில் வரவில்லை.

வடிவமே தெரியாமலும் ஜெயித்திருக்கிறார்கள் என்பதுதான் இந்தத் துறையின் வேடிக்கை. நம் வயல் வரப்பில் கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும். பிரேசிலில் ஜராராகா என்று ஒரு விரியன் உண்டு. அது கடித்தால் ரத்த அழுத்தமும் சரிந்துவிடும். அந்த விஷத்தில் இருந்த ஒரு சங்கதியை அந்நாட்டு விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரெய்ரா 1960-களில் லண்டனுக்குக் கொண்டுபோனார். ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் ஏசிஇ என்னும் நொதியை அது முடக்குவது தெரிந்தது. ஆனால் விஷத்துண்டு சின்னப் புரதம், விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும். ஊசியாகத்தான் போட முடியும்.

ஸ்க்விப் கம்பெனியில் குஷ்மன், ஒன்டெட்டி என்று இரண்டு பேர். அவர்களுக்கு ஏசிஇ-யின் வடிவம் தெரியாது. தெரிந்தது மாட்டுக் கணையத்தில் இருக்கும் கார்பாக்ஸிபெப்டிடேஸ் என்ற வேறொரு நொதியின் வடிவம். இரண்டிலும் குழியின் அடியில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது, இரண்டும் சரத்தின் நுனியைத்தான் வெட்டுகின்றன. ஒரே கொத்தனார் கட்டிய பக்கத்து வீட்டைப் பார்த்து இந்த வீட்டு அடுப்படி எங்கே இருக்கும் என்று ஊகிப்பது போல, துத்தநாகம் இவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று காகிதத்தில் போட்டார்கள். முதலில் செய்த மூலக்கூறுகள் சுமாராகப் பிடித்தன. துத்தநாகத்தைத் தொடும் முனையில் கார்பாக்ஸில் என்ற அணுக்கூட்டத்தை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்ததும் பிடிப்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு எகிறியது. அதுதான் கேப்டோப்ரில், 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைக்கு வீட்டுக்கு வீடு இருக்கும் பிரஷர் மாத்திரை டப்பாவில் எனாலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’ வாலோடு ஏதாவது இருந்தால், அது இந்த வம்சம். ஏசிஇ-யின் உண்மையான வடிவம் வெளிவந்தது 2003-ல்! மருந்து வந்து இருபத்திரண்டு வருடம் கழித்து.

கேப்டோப்ரிலில் தண்ணீர் இல்லை. தண்ணீர் வருகிற கதை எச்.ஐ.வி.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது 1986-ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனின் குழு பரிசோதித்த ரத்த மாதிரிகளில். 1989-ல் அந்த வைரஸின் புரோட்டியேஸ் என்ற நொதியின் வடிவம் வெளியானது. வைரஸ் தன் உதிரிப் பாகங்களை ஒரே நீளச் சரமாகச் செய்து வைத்துக்கொள்ளும். அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கும் அரிவாள் இந்தப் புரோட்டியேஸ். 99 அமினோ அமிலம் கொண்ட இரண்டு ஒரே மாதிரிப் பாதிகள் சேர்ந்து ஒரு சுரங்கம் போலக் குழியை அமைக்கின்றன. மேலே இரண்டு மடல்கள் மூடித் திறக்கும். மருந்து உள்ளே வந்ததும் மடல்கள் மூடிக்கொள்ளும். மூடிய மடல்களுக்கும் மருந்துக்கும் நடுவே ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறு, இரண்டு கையால் மடல்களையும் இரண்டு கையால் மருந்தையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எக்ஸ்ரே படத்தில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. ‘தண்ணீரை நீக்கு’ என்று தட்டினால் காணாமல் போவது இந்த மாதிரிப் புள்ளிகள்தான்.

டூபான்ட் மெர்க் கம்பெனியில் இருந்தவர்கள் அந்தப் புள்ளியையே குறிவைத்தார்கள். தண்ணீர் நிற்கும் அதே இடத்தில் ஓர் ஆக்ஸிஜன் அணு வரும்படி மூலக்கூறைக் கணினியில் வடிவமைத்தால், தண்ணீரை வெளியே அனுப்பிவிட்டு மருந்தே மடல்களை நேராகப் பிடிக்கும். கட்டிப்போட்ட ஒரு தண்ணீருக்கு விடுதலை கொடுத்தால் ஆற்றல் கணக்கிலும் லாபம். மனித உடம்பில் இதே குடும்பத்து நொதிகளில் அந்த இடத்தில் அப்படி ஒரு தண்ணீர் இல்லை, ஆகவே நம் நொதிகள் தப்பிக்கும். 1994-ல் வெளியான அந்த வளைய யூரியா மூலக்கூறுகள் போல அழகான வடிவமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. நினைத்த இடத்தில், நினைத்தபடி உட்கார்ந்தன.

ஆனால் மருந்தாகவில்லை. முதலில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது குடலிலிருந்து ரத்தத்துக்குச் சரியாக ஏறவில்லை. ஒருவருக்கு ஏறியது, இன்னொருவருக்கு ஏறவில்லை. அந்தத் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு, அதை அனுசரித்துப் போன சாக்வினாவிர் 1995 கடைசியில் கடைக்கு வந்தது, அடுத்த வருடமே ரிட்டோனாவிரும் இண்டினாவிரும் வந்தன. மேலைநாடுகளில் எய்ட்ஸ் சாவுகள் சரியத் தொடங்கியது இவற்றை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த கூட்டு மருந்துகளுக்குப் பின்தான். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்க 2004 ஆனது.

இனி டெங்கு. 2012-ல் திருநெல்வேலி மாவட்டம் பட்ட பாட்டை, அன்றைக்கு இந்த மாவட்டத்தில் இருந்த கடையநல்லூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். டெங்கு வைரஸிடமும் ஒரு புரோட்டியேஸ் இருக்கிறது, அதே நறுக்குகிற வேலைதான். எச்.ஐ.வி-யில் ஜெயித்த வித்தை இங்கே ஏன் பலிக்கவில்லை? குழியின் லட்சணம் அப்படி. எச்.ஐ.வி. குழி சுரங்கம் என்றால் டெங்குவின் குழி சாப்பாட்டுத் தட்டு. ஆழமில்லை. போதாததற்கு, அது பாசிட்டிவ் மின்னூட்டம் உள்ள அமினோ அமிலங்களைத்தான் விரும்பிப் பிடிக்கும். நாமும் மின்னூட்டம் ஏற்றிய மூலக்கூறு செய்து கொடுத்தால் குழியில் ஒட்டும், ஆனால் செல்லின் எண்ணெய்ச் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. மின்னூட்டத்தை எடுத்தால் செல்லுக்குள் போகும், குழியில் ஒட்டாது. கால் நூற்றாண்டாக இந்த இழுபறி.

இன்னொரு சிக்கல் என் அக்கா மகளின் கோப்பிலேயே இருந்தது. அவள் இறக்கியிருந்தது 2எஃப்ஓஎம் என்ற எண்ணுள்ள வடிவம்; 2006-ல் வெளியானது. டெங்கு புரோட்டியேஸ் என்று தேடினால் கைக்கு முதலில் தட்டுப்படுவது அதுதான், மாணவர் புராஜெக்ட்டுகள் ஏராளமாக அதன் மேல்தான் நடக்கின்றன. இந்தப் புரோட்டியேஸ் தனியாக வேலை செய்யாது. என்எஸ்2பி என்ற துணைப் புரதத்தின் வால் ஒன்று வந்து குழியைச் சுற்றி அணைத்துக்கொண்டால்தான் குழி முழுமையாகும். 2எஃப்ஓஎம்-மில் அந்த வால் அணைக்கவில்லை. வேறு பக்கம் விலகிக் கிடக்கிறது. குழியில் எதுவும் இல்லாமல் படிகமாக்கி எடுத்த படம் அது. தடுப்பானைப் பிடித்த நிலையில், வால் சரியாக அணைத்தபடி இருக்கும் டெங்கு வடிவம் 2012-ல்தான் வந்தது. அதாவது அவள் நிலவேம்பை உட்கார வைத்திருந்தது வேலை செய்யாத நிலையில் இருக்கும் ஒரு நொதியில். பாதிச் சுவர் இல்லாத அறையில் கட்டில் சரியாகப் பொருந்துகிறது என்று சொன்ன மாதிரி.

பூட்டும் சாவியும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எமில் ஃபிஷர் 1894-ல் சொன்ன உவமை. நமக்குத் திண்டுக்கல் பூட்டு ஞாபகம் வரும், இரும்பு. புரதம் இரும்பு இல்லை, தண்ணீருக்குள் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும் பண்டம். அந்த நெளிவையும் சுற்றியுள்ள தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போடலாம், போடுகிறார்கள். மூலக்கூறு இயக்கவியல் என்று பெயர். ஒவ்வோர் அணுவையும் அடுத்த நொடித்துளிக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். அந்த நொடித்துளி வழக்கமாக இரண்டு ஃபெம்டோ செகண்டு; ஒரு ஃபெம்டோ என்பது செகண்டில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குப் புரதம் எப்படி நெளிகிறது என்று பார்க்க ஐம்பது கோடி முறை நகர்த்த வேண்டும். மாணவியின் லேப்டாப்பில் இது நடக்காது. ஆகவே மூலக்கூறைக் குழியில் பொருத்திப் பார்க்கும் ‘டாக்கிங்’ மென்பொருள் குறுக்குவழி எடுக்கிறது: புரதம் கல்லாக நிற்கட்டும், தண்ணீரை எடுத்துவிடு, மூலக்கூறை மட்டும் திருப்பித் திருப்பி வைத்துப் பார், சில நிமிடத்தில் மதிப்பெண் போடு. தப்பில்லை. குறுக்குவழி என்று தெரிந்து போனால் சரி.

மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது கிலோ கலோரியில் வரும். சுமார் 1.4 கிலோ கலோரி வித்தியாசம் என்றால் நிஜத்தில் பிடிப்பு பத்து மடங்கு மாறுகிறது. இப்படி வேகமாகப் போடும் மதிப்பெண்களில் பிழையே இரண்டு கிலோ கலோரிக்கு மேல் சாதாரணமாக இருக்கும். அப்படியானால் மைனஸ் 8.2 வாங்கியது மைனஸ் 7.9 வாங்கியதைவிட உசத்தி என்று அட்டவணை போட்டு முதல் பரிசு கொடுப்பதில் அர்த்தமே இல்லை. அரை மார்க்கில் ரேங்க் போகிற பரீட்சை இல்லை இது. தவிர, பெரிய மூலக்கூறுக்கு அணு அதிகம், தொடுகிற இடமும் அதிகம். பெரிதாக இருப்பதற்கே மதிப்பெண் விழும்.

அன்றைக்கு ராத்திரி அவளிடம் ஒன்று செய்யச் சொன்னேன். டெங்குவை நிச்சயமாக ஒன்றும் செய்யாத நாலைந்து மூலக்கூறுகளை அதே குழியில் வைத்துப் பார். கொலஸ்ட்ராலை எடுத்தாள். பத்து நிமிடத்தில் நிலவேம்புக்குச் சமமாக வந்து நின்றது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்துவிட்டாள்.

“அப்போ டெங்குக்கு முட்ட மஞ்சக்கருவே குடுக்கலாம்னு சொல்லுதியளா மாமா?”

நிலவேம்பை இளக்காரம் செய்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் இது. காய்ச்சல் காலத்தில் குடிநீரை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவன் நான். ஆனால் நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு ஒன்பதில் ஒன்று. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு எல்லாம் கூட இருக்கின்றன. அவள் எடுத்துக்கொண்டது நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற ஒரே ஒரு கசப்புப் பொருளை. அது தண்ணீரில் லேசில் கரையாது, வாய்வழி கொடுத்தால் ரத்தத்துக்கு ஏறுவதும் குறைவு. கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது, குடலில் எவ்வளவு தங்கியது, ஈரல் எவ்வளவை மாற்றிப்போட்டது என்பதில் ஒன்றுகூடத் திரையில் இருக்கும் அந்தக் குழிக்குத் தெரியாது. கஷாயம் கேட்குமா கேட்காதா என்பது நோயாளிகளிடம் ஒழுங்காக ஆய்வு நடத்தித் தீர்க்க வேண்டிய வழக்கு. டாக்கிங் அதில் சாதகமான சாட்சியும் ஆகாது, பாதகமான சாட்சியும் ஆகாது. 2020-ல் கபசுரக் குடிநீரை வைத்து வந்த கட்டுரைகளில் பல இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது என் வருத்தம்.

அப்படியென்றால் டாக்கிங் வீண் வேலையா? இல்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வை அவளுக்குக் காட்டினேன். மூளையில் சேதி கடத்தும் டோபமினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதம் ஒன்றின் குழியில் 13.8 கோடி மூலக்கூறுகளைக் கணினியிலேயே வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை உலகத்தில் யாரும் அதுவரை செய்யாதவை. மதிப்பெண்ணில் மேலே, நடுவே, கீழே இருந்தவற்றையெல்லாம் கலந்து எடுத்து 549-ஐ நிஜமாகச் செய்து சோதித்தார்கள். மேல்தட்டில் ஏறக்குறைய நாலில் ஒன்று வேலை செய்தது. கீழே போகப் போக வேலை செய்வது குறைந்துகொண்டே வந்தது. ஒற்றை மூலக்கூறைப் பற்றி டாக்கிங் சொல்வதை நம்ப முடியாது. கோடிக்கணக்கில் குவித்துவைத்தால் எந்தப் பக்கத்திலிருந்து தோண்டத் தொடங்கலாம் என்று சொல்லும். அந்த ஆய்வில் நான் மெச்சுவது 13.8 கோடியை அல்ல, தோற்கும் என்று தெரிந்தே கீழ்த்தட்டையும் செய்து பார்த்ததை.

டெங்குவுக்கே திரும்பினால், மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் வரை போன மாஸ்னோடென்விர் என்ற மூலக்கூறின் பூர்வீகம் குழி பார்த்து வடிவமைத்தது இல்லை. வைரஸ் ஏற்றிய செல்களில் ஆயிரக்கணக்கான பொருள்களைப் போட்டு, எது செல்லைக் காப்பாற்றுகிறது என்று பார்த்துப் பொறுக்கியதன் வழியில் வந்தது. வைரஸின் இரண்டு புரதங்கள் கைகோக்க விடாமல் அது தடுக்கிறது என்பது பிறகுதான் தெளிந்தது. 2024-ல் கம்பெனி தன் முன்னுரிமைகளை மாற்றிக்கொண்டு அந்தச் சோதனையை நிறுத்திவிட்டது.

மறுநாளே அவள் வேலையை மாற்றிக்கொண்டாள். வால் அணைத்த வடிவத்தை எடுத்தாள். படத்தில் இருக்கும் தண்ணீர்களில் எவை இரண்டு மூன்று பிடிமானத்தோடு நிற்கின்றன என்று பார்த்து, அவற்றை வைத்து ஒரு தடவை, எடுத்து ஒரு தடவை ஓட்டினாள். மூலக்கூறு உட்காரும் விதமே இரண்டிலும் வேறாக வந்தது. ஒன்பது சரக்கிலும் உள்ள பொருள்களைப் பட்டியலிட்டு, அதே எடையுள்ள சம்பந்தமில்லாத மூலக்கூறுகளையும் கலந்து வைத்தாள். ஆண்ட்ரோகிராஃபோலைடு பட்டியலில் நடுவே எங்கேயோ போய் நின்றது. புராஜெக்ட் தலைப்பில் ‘மருந்து’ என்ற சொல்லை விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, அப்படி விட்டால் வைவாவில் மதிப்பெண் குறையும் என்று யாரோ சொன்னார்களாம். அதை மட்டும் விடவில்லை.

அடுத்தது நிஜ நொதி. புரோட்டியேஸ் வெட்டினால் ஒளிரும்படி சாயம் கட்டிய சின்னப் புரதத்துண்டு கடையில் கிடைக்கிறது. தடுப்பான் வேலை செய்தால் ஒளிராது. அதிலும் ஓர் ஏமாற்று உண்டு. பல தாவரப் பொருள்கள் தண்ணீரில் கரையாமல் நுண்ணிய திரளாகி நொதியையே விழுங்கிக்கொள்ளும், பார்ப்பதற்குத் தடுத்த மாதிரியே தெரியும். மஞ்சளின் குர்குமினை எதில் போட்டாலும் வேலை செய்கிறது என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். துளி டிடர்ஜென்ட் சேர்த்தால் திரள் உடைந்து ஏமாற்று வெளிப்பட்டுவிடும். ஆண்ட்ரோகிராஃபோலைடு சின்னக் குப்பி ஒன்று வாங்கிக் கல்லூரி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். டிடர்ஜென்ட்டும் இருக்கிறது. நொதி இன்னும் வந்து சேரவில்லை. வந்தாலும் மைனஸ் எண்பது டிகிரியில் வைக்க வேண்டும், அந்தப் பெட்டி இருக்கும் ஆய்வகத்தில் ஓர் ஓரம் கேட்டு மூன்று கடிதம் எழுதியிருக்கிறாள்.